ஒரே ஒரு போனில் பூகோள வகுப்பு: பெங்களூரில் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு வழிகாட்டி

பெங்களூரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கிறவர்கள், பள்ளியில் புதிதாகச் சமூக அறிவியல் பாடம் கிடைத்த ஆசிரியர்கள், தன்னார்வமாகச் சொல்லிக்கொடுக்க நினைக்கிற ஐ.டி. ஊழியர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ‘டிஜிட்டல் முறையில், விளையாட்டோடு நடத்துங்கள்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். எதை வாங்குவது, யாரிடம் கையெழுத்து வாங்குவது, நெட் போனால் என்ன செய்வது என்று சொல்ல ஆள் இல்லை. அல்சூர் பக்கம் ஒரு சின்ன ஹாலில் வகுப்பு எடுத்தபோது இதையெல்லாம் தட்டுத்தடுமாறித் தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

முதலிலேயே ஒன்று. முப்பது பிள்ளைகளுக்கு முப்பது டேப்லெட் தேவையில்லை. ஆசிரியர் கையில் ஒரு போன், ஒரு பழைய லேப்டாப், சுவரில் ஒரு வெள்ளைத் துணி, மேசை மேல் நிறைய காகிதம். நல்ல வகுப்புக்கு இது தாராளமாகப் போதும். பிள்ளைகள் திரையைப் பார்க்கும் நேரம் ஒன்றரை மணி வகுப்பில் பதினைந்து, இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது என் கட்சி. மீதி நேரம் கையால் வரைய வேண்டும், வாயால் வாதாட வேண்டும்.

1. செயலியை விடுங்கள், முதலில் கேள்வியைப் பிடியுங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லாரும் ப்ளே ஸ்டோரில் ஆரம்பிக்கிறார்கள். செயலிகளை இறக்கி, அழகான ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஏற்ற பாடத்தைத் தேடுகிறார்கள். இரண்டு வாரத்தில் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். நீங்கள் பிள்ளையின் தெருவிலிருந்து ஒரு கேள்வியை எடுங்கள். ‘நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நம் தெருச் சாக்கடைத் தண்ணீர் எங்கே போகிறது?’ இந்த இரண்டு கேள்வியை வைத்தே ஒரு பருவம் முழுக்க நடத்தலாம். நில அமைப்பு, ஆறு, அணை, மாநில எல்லை, உள்ளாட்சி, நீர்ப் பங்கீடு எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். எந்தக் கருவி வேண்டும் என்பதைக் கேள்வியே சொல்லிவிடும்.

2. அனுமதி, காகிதங்கள், காலம்

உங்கள் சொந்த ஹால் அல்லது சங்கத்து அறை என்றால் பெற்றோர் சம்மதம் மட்டும் போதும். அதை 3-ஆம் படியில் சொல்கிறேன். பள்ளிக்குள் போய் நடத்துவதென்றால் இவற்றை ஒரே கோப்பில் தயாராக வையுங்கள்: தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், என்ன நடத்தப்போகிறீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு, போலீஸ் சரிபார்ப்புச் சான்று. சான்றுக்குக் கர்நாடக அரசின் சேவா சிந்து தளத்தில் விண்ணப்பிக்கலாம். இது கையில் வரச் சில வாரம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்குங்கள்.

அரசுப் பள்ளியாக இருந்தால் வட்டாரக் கல்வி அதிகாரி வரை கடிதம் போக வேண்டியிருக்கலாம். பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழு என்று பெற்றோர் அடங்கிய எஸ்.டி.எம்.சி. இருக்கும். அதன் தலைவரையும் ஒருமுறை நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். கடிதத்தைக் கன்னடத்தில் எழுதுங்கள். நான் ஆங்கிலத்தில் கொடுத்த கடிதம் ஒரு பள்ளி மேசையில் வாரக்கணக்கில் கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா கன்னடத்தில் எழுதிக்கொடுத்த பிறகு தான் நகர்ந்தது. கன்னடம் தெரிந்த ஒருவரை ஆரம்பத்திலேயே கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடிதத்துக்கு மட்டுமல்ல, ஊர்ப் பெயர்களைச் சரியாக எழுதவும் அவர் வேண்டும்.

எப்போது ஆரம்பிப்பது? ஜூன் மாதத்தில் பள்ளிகள் சேர்க்கை, புத்தக விநியோகம் என்று திணறிக்கொண்டிருக்கும். அக்டோபரில் தசரா விடுமுறை. பிப்ரவரிக்கு மேல் தேர்வு ஜுரம். ஜூலை முதல் செப்டம்பர், நவம்பர் முதல் ஜனவரி, இந்த இரண்டு இடைவெளி தான் உங்களுடையது. முதல் இடைவெளி எனக்குப் பிடித்தது. மழை பெய்யும், ஏரி நிரம்பும், அணை மட்டம் தினமும் செய்தியில் வரும். பாடம் தானாக நடக்கும்.

3. பெற்றோர் கையெழுத்து

இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாரையும் குழந்தை என்றே கணக்கில் எடுக்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை தானாகக் கூகுள் கணக்கு திறக்க முடியாது. அதனால் என் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் கணக்கே திறப்பதில்லை. எல்லாம் என் ஒரே கணக்கில் நடக்கும். விளையாட்டுகளில் பிள்ளையின் பெயருக்குப் பதில் ஒரு எண். அந்த எண் யாருடையது என்பது என் நோட்டில் மட்டும் இருக்கும்.

சம்மதப் படிவம் ஒரே பக்கம். தமிழிலும் கன்னடத்திலும். என்ன செயலி, எவ்வளவு நேரம், பிள்ளையின் எந்த விவரம் பதிவாகும், புகைப்படம் எடுக்கலாமா கூடாதா என்பது மட்டும். புகைப்படத்துக்குத் தனிக் கையெழுத்து வாங்குங்கள்.

பெற்றோர் கேட்பது வேறு கேள்வி. “மேடம், வீட்டுல போனைப் பிடுங்கி வைக்கவே நாங்க படாத பாடு படுறோம். நீங்க கேம் ஆடச் சொல்றீங்களா?” என்று ஒரு அம்மா நேருக்கு நேராகக் கேட்டார். நியாயமான கேள்வி. போன் என் கையில் மட்டும் இருக்கும், பிள்ளைக்கு வீட்டில் போன் வேலை எதுவும் தரமாட்டேன் என்று படிவத்திலேயே எழுதிக் கொடுத்தேன். நீங்களும் அந்த வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதிய பிறகு மீறாதீர்கள்.

4. சாமான்களும் செலவும்

லேப்டாப் இருந்தால் போதும், புதிதாக வாங்க வேண்டாம். இல்லையென்றால் எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப், பழைய புரொஜெக்டர் எல்லாம் கிடைக்கும். ஆபீஸ்களிலிருந்து வரும் பழைய புரொஜெக்டர் பத்தாயிரம் ரூபாய்க்கு முன்னபின்ன இருக்கும். வாங்கும்போது கடைக்காரரிடம் மெனுவைத் திறந்து, விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். விளக்கு ஆயுள் முடிந்திருந்தால் மாற்றவே சில ஆயிரம் ஆகும். இணையத்தில் மலிவாக விற்கும் கைக்கடக்கமான புரொஜெக்டர்கள் இருட்டறையில் சினிமா பார்க்கச் சரி. பகல் வெளிச்சம் வரும் ஹாலில் வரைபடத்தின் நீலக்கோடு கண்ணுக்கே தெரியாது. கடையிலேயே, ஷட்டரைத் திறந்து வைத்து, ஒரு வரைபடத்தைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

எச்.டி.எம்.ஐ. வயர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டும் சேர்ந்து ஐந்நூறு, அறுநூறு. கலர் பிரிண்ட் ஒரு தாள் பத்து ரூபாய், லேமினேஷன் இருபது முப்பது. முதல் மாதம் காகிதத்துக்கே ஆயிரம் ரூபாய் ஒதுக்குங்கள். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். புரொஜெக்டர் இல்லாமல் வகுப்பு நடத்தலாம், பெரிய தாளில் அச்சடித்த வரைபடம் இல்லாமல் முடியாது.

செயலிகளுக்கு? முதல் வருடம் ஒரு ரூபாய் கூடத் தர வேண்டாம். மைன்கிராஃப்டின் கல்விப் பதிப்பு அருமையானது தான், ஆனால் உரிமத்துக்குப் பணமும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கும் வேண்டும். தெருப் படம் பார்த்து இடம் கண்டுபிடிக்கும் ஜியோகெஸ்ஸரை முழுதாக ஆடச் சந்தா கட்ட வேண்டும். இரண்டையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

5. முதல் பாடம்: அல்சூர் ஏரித் தண்ணீர் கடலுக்குப் போகும் வழி

இது தான் இந்த வழிகாட்டியின் மையம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கணினியில் கூகுள் எர்த் ப்ரோவை இறக்குங்கள். இலவசம். அல்சூர் ஏரியைத் தேடி, மேலே உள்ள ‘ஆட் பாத்’ பொத்தானை அழுத்தி, ஏரியிலிருந்து தண்ணீர் போகும் தடத்தைப் புள்ளி புள்ளியாகத் தொடுங்கள். அல்சூர் ஏரியிலிருந்து வழியும் நீர் ராஜகால்வாய் (பெரிய மழைநீர்க் கால்வாய்) வழியாகப் பெள்ளந்தூர் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரி. அதைத் தாண்டித் தட்சிணப் பினாகினி, அதாவது நம் தென்பெண்ணை. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, திருக்கோவிலூர், கடைசியில் கடலூர் அருகே வங்கக் கடல்.

இந்தத் தடத்தை வகுப்புக்கு முன்பே நீங்கள் வரைந்து சேமித்து வையுங்கள். வகுப்பில் வரைய ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடும். ஆனால் பிள்ளைகளிடம் முடிவைக் காட்டாதீர்கள். ஏரியை மட்டும் காட்டி, “இது நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?” என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பிள்ளைகள் காவிரி என்பார்கள். ஒவ்வொருவரும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். பிறகு தடத்தின் வழியே மெல்ல நகர்த்துங்கள். கிருஷ்ணகிரி வரும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். சாத்தனூர் வந்ததும், திருவண்ணாமலைப் பக்கம் பூர்வீகம் உள்ள பிள்ளைகள் எழுந்தே நிற்பார்கள். “மிஸ், எங்க தாத்தா ஊருக்கா இந்தச் சாக்கடை போகுது?” என்று ஒரு ஆறாம் வகுப்புப் பையன் கேட்டான். அந்தக் கேள்வியோடு பூகோளமும் குடிமையியலும் ஒரே பாடமாகிவிட்டன. பெள்ளந்தூர் ஏரியில் நுரை பொங்கியது, 2017-இலும் 2018-இலும் அங்கே தீப்பிடித்தது எல்லாம் அந்தப் பையனுக்கு இனி யாரோ ஒருவர் வீட்டுச் செய்தி இல்லை.

அடுத்து, வரைந்த கோட்டின் மேல் வலது கிளிக் செய்து ‘ஷோ எலிவேஷன் ப்ரொஃபைல்’ கொடுங்கள். அல்சூரில் 900 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆரம்பித்து, கடலூரில் பூஜ்யத்தில் முடியும் ஒரு வரைகோடு வரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த வரைகோட்டில் உயரம் மிகைப்படுத்திக் காட்டப்படுகிறது. ஆறு மலையுச்சியிலிருந்து தொப்பென்று குதிக்கிற மாதிரி தெரியும். பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுவார்கள். உடனே கணக்குப் போடச் சொல்லுங்கள். ஏறக்குறைய 400 கிலோமீட்டரில் 900 மீட்டர் இறக்கம் என்றால், கிலோமீட்டருக்கு இரண்டேகால் மீட்டர் தான். ஹாலின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நூல் கட்டி, அந்தச் சரிவு எவ்வளவு என்று காட்டுங்கள். கண்ணுக்கே தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்.

இதற்கு மறு பாதி, குழாய்த் தண்ணீர். காவிரி நீர் டி.கே. ஹள்ளி நீரேற்று நிலையத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், சுமார் 500 மீட்டர் உயரம் மேலே ஏற்றப்பட்டு நகருக்கு வருகிறது. 2024 அக்டோபரில் திறந்த ஐந்தாம் கட்டத் திட்டம் மட்டும் நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டருக்கானது. ‘இறங்கிப் போகும் தண்ணீருக்குச் செலவில்லை, ஏறி வரும் தண்ணீருக்கு மின்கட்டணம் உண்டு’ என்று சொல்லி, அதே எலிவேஷன் ப்ரொஃபைலை இந்தத் தடத்துக்கும் போட்டுக் காட்டுங்கள். இரண்டு வரைகோட்டையும் அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் அந்த வாரப் பாடம் முடிந்தது.

நகரின் நடுவே ஒரு மேட்டு நிலம் ஓடுகிறது. மேற்கே விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகும். கிழக்கே விழுவது தென்பெண்ணைக்கு. ஆக, காவிரி என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கும் பாதி மதிப்பெண் உண்டு. உங்கள் வகுப்பு ஸ்ரீராமபுரம் பக்கம் என்றால் தடத்தை மேற்குப் பக்கமாக வரையுங்கள். அல்சூர் கதையை அங்கே ஒப்பிக்காதீர்கள்.

நெட் கைவிடும். கட்டாயம் ஒருநாள் கைவிடும். முந்தின நாள் இரவே இந்தப் பயணத்தைத் திரைப்பதிவு செய்து இரண்டு நிமிட வீடியோவாக லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. பழைய படங்களில் ஏரி தேடும் விளையாட்டு

அதே எர்த் ப்ரோவில் கடிகாரப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் பழைய செயற்கைக்கோள் படங்கள் வரும். வர்த்தூரைச் சுற்றி 2000-களின் தொடக்கத்தையும் இன்றையும் அடுத்தடுத்துப் போட்டு, ‘காணாமல் போன ஐந்து பொருள்கள், புதிதாக வந்த ஐந்து பொருள்கள்’ என்று குழுவாகப் பட்டியல் போடச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும்.

மெஜஸ்டிக் பஸ் நிலையம் தர்மாம்புதி ஏரியாக இருந்தது, கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரியாக இருந்தது என்று சொன்னால் பிள்ளைகள் உடனே “காட்டுங்க மிஸ்” என்பார்கள். செயற்கைக்கோள் படத்தில் அதைக் காட்ட முடியாது. அவை செயற்கைக்கோள் காலத்துக்கு முந்தியவை. பழைய நகர வரைபடம் ஒன்றை அச்சடித்து வைத்திருங்கள். ‘எல்லாமே கூகுளில் இருக்கிறது’ என்ற எண்ணம் உடைய இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

7. இந்திய வரைபடம்: சட்டச் சிக்கலில் மாட்டாதீர்கள்

வெளிநாட்டு விளையாட்டுத் தளங்கள் பலவற்றில் காஷ்மீர் எல்லை புள்ளிக்கோடாகவோ வெட்டியோ வரும். 1961-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டப்படி, மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட வரைபடத்தோடு ஒத்துப்போகாத இந்திய வரைபடத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வகுப்புக்கு அச்சடிக்கும் தாள், வாட்ஸ்அப் குழுவில் போடும் படம், ஆண்டுவிழா பேனர் எல்லாவற்றுக்கும் சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடத்தையே எடுங்கள். அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இஸ்ரோவின் புவன் தளத்திலும் பள்ளிப் பாடத்துக்கென்று தனிப் பகுதி உண்டு. பெரிய திரையில் திறந்தால் வசதி.

இன்னொன்று, பழைய வினாடி வினாக்கள். 29 மாநிலம் என்று இருந்தால் தூக்கிப் போடுங்கள். 2019 அக்டோபர் 31-க்குப் பிறகு ஜம்மு காஷ்மீரும் லடாக்கும் யூனியன் பிரதேசங்கள். 2020 ஜனவரியில் தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையுவும் ஒன்றாயின. இப்போது 28 மாநிலம், 8 யூனியன் பிரதேசம். மாநிலம் தொட்டுக் காட்டும் விளையாட்டுக்குச் செட்டெரா நன்றாக இருக்கிறது, இலவசம். ஆட்டம் தொடங்குமுன் எல்லையையும் மாநில எண்ணிக்கையையும் நீங்கள் ஒருமுறை சரிபாருங்கள். ஒரு பிள்ளை திரையில் தொடட்டும், மற்றவர்கள் காலி வரைபடத்தில் எழுதட்டும்.

பெங்களூர் வார்டு வரைபடத்திலும் இதே தொல்லை. இணையத்தில் கிடைப்பதில் பாதி பழைய 198 வார்டு படம். 2025 செப்டம்பரில் மாநகராட்சியே மத்தி, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்தாகப் பிரிந்துவிட்டது. உள்ளாட்சிப் பாடம் எடுக்கிறவர்கள் இதைப் பார்க்காமல் அச்சடிக்காதீர்கள்.

8. கணக்கு வேண்டாத விளையாட்டுகள்

அட்டை விளையாட்டு: ப்ளிக்கர்ஸ் என்று ஒரு செயலி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகித அட்டை. அதில் கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சடித்திருக்கும். அட்டையை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்களோ அதற்கேற்ப ஏ, பி, சி, டி என்று விடை மாறும். நீங்கள் போன் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் எல்லார் விடையும் பதிவாகும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுத வழியில்லை. கூச்சப்படும் பிள்ளையும் விடை சொல்லும். அட்டைகளை அவர்கள் தளத்திலிருந்தே இலவசமாக அச்சடிக்கலாம். கேள்வியைத் தமிழிலேயே தட்டச்சு செய்யுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பளபளப்பான லேமினேஷன் போட்டால் ட்யூப்லைட் வெளிச்சம் அடித்துக் கேமரா படிக்காது. மேட் லேமினேஷன் கேளுங்கள், அல்லது கெட்டி அட்டையில் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகள் கட்டைவிரலால் கட்டத்தை மறைப்பார்கள். ஓரத்தில் ஒரு அங்குலம் வெள்ளை விட்டு வெட்டுங்கள்.

தெருவைக் கண்டுபிடி: இது எங்கள் வகுப்பின் செல்லம். கூகுள் ஸ்ட்ரீட் வியூ 2022 ஜூலையில் பெங்களூர், சென்னை, மும்பை, டெல்லி உட்படப் பத்து நகரங்களில் வந்தது. நகருக்கு இரண்டாகத் தெருப் படங்களைத் தேர்ந்தெடுத்துத் திரையில் போடுங்கள். எந்த ஊர் என்று குழுவாகச் சொல்ல வேண்டும், மூன்று காரணத்தோடு. வண்டி எண்ணும் முகங்களும் மங்கலாக்கப்பட்டிருக்கும். அது நல்லதாகப் போயிற்று. பிள்ளைகள் கடைப் பலகையின் எழுத்து, ஆட்டோவின் நிறம், மரம், மண், வீட்டுக் கூரை என்று பார்க்கத் தொடங்குவார்கள். கறுப்பும் மஞ்சளுமான ஆட்டோ மும்பை, முழு மஞ்சள் சென்னை என்பதை அவர்களே சொல்வார்கள். ‘காரணம் சொல்லாத சரியான விடைக்குப் பூஜ்யம், நல்ல காரணம் சொன்ன தப்பான விடைக்கு இரண்டு’ என்று மதிப்பெண் வைத்துப் பாருங்கள். வகுப்பு மாறிவிடும்.

கஹூட், குவிஸ்இஸ் போன்ற வினாடி வினாச் செயலிகள் எல்லாம் பிள்ளைகள் கையில் கருவி இருந்தால் தான் முழுப் பயன். குவிஸ்இஸ் 2025-இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாறிவிட்டது. பழைய பெயரில் தேடிக் குழம்பாதீர்கள். இலவசக் கணக்கில் எத்தனை பேர் சேரலாம் என்பதை வகுப்புக்கு முன்பே பாருங்கள். முப்பது பேரில் பாதிப் பேருக்குக் கதவு சாத்தினால் அந்த வகுப்பு அழுகையில் தான் முடியும்.

9. காவிரிப் பங்கீடு: புளியங்கொட்டை ஆட்டம்

பெங்களூரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை நடத்தத் தயங்குவீர்கள். தயங்கக் கூடாது, ஆனால் கவனம் வேண்டும். ‘கர்நாடக அணி, தமிழ்நாட்டு அணி’ என்று ஒருபோதும் பிரிக்காதீர்கள். பள்ளியில் பக்கத்து பெஞ்சில் உட்காரும் கன்னடப் பிள்ளையோடு இவர்கள் நாளைக்குப் பேச வேண்டும். பாத்திரங்களாகப் பிரியுங்கள்: மண்டியா கரும்பு விவசாயி, தஞ்சாவூர் நெல் விவசாயி, பெங்களூர் அடுக்குமாடிக் குடித்தனம், வயநாட்டு விவசாயி, காரைக்கால் விவசாயி, அணைப் பொறியாளர், ஆற்று மீன். தமிழ்ப் பிள்ளைக்கு மண்டியாவைக் கொடுங்கள்.

2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி பங்கிட வேண்டிய காவிரி நீர் மொத்தம் 740 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). அதில் தமிழ்நாடு 404.25, கர்நாடகம் 284.75, கேரளம் 30, புதுச்சேரி 7, சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பது 4. ஒரு புளியங்கொட்டைக்கு 5 டி.எம்.சி. என்று வைத்து 148 கொட்டையை எண்ணி எடுங்கள். பங்கு வைத்தால், முழு எண்ணாக்கி, முறையே 81, 57, 6, 1, 2, 1 என்று வரும். முதலில் தீர்ப்பைச் சொல்லாமல் அவர்களே பேசிப் பிரிக்கட்டும். இருபது நிமிடம். பிறகு தீர்ப்பைச் சொல்லி ஒப்பிடச் சொல்லுங்கள்.

இரண்டாவது சுற்றில், மழை பொய்த்த வருடம் என்று சொல்லி மூன்றில் ஒரு பங்கு கொட்டையை எடுத்துவிடுங்கள். இந்தச் சுற்றில் தான் உண்மையான பேச்சு நடக்கும். மீனாக நடிக்கும் பிள்ளையின் இரண்டு கொட்டையை எல்லாரும் முதலில் பிடுங்கப் பார்ப்பார்கள். அங்கே ஆட்டத்தை நிறுத்திப் பேசுங்கள்.

டிஜிட்டல் வேலை இதற்குப் பிறகு. கூகுள் ஷீட்டில் ஒரு அட்டவணை திறந்து, வாரம் ஒருமுறை கே.ஆர்.எஸ். (கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர் அணை), மேட்டூர் இரண்டின் நீர்மட்டத்தையும் பிள்ளைகள் சொல்ல நீங்கள் பதியுங்கள். கே.ஆர்.எஸ். முழுக் கொள்ளளவு மட்டம் 124.80 அடி, மேட்டூர் 120 அடி. தமிழ்ப் பத்திரிகையில் மேட்டூரும் கன்னடப் பத்திரிகையில் கே.ஆர்.எஸ்.ஸும் மழைக்காலத்தில் தினமும் வரும். ஜூலையில் தொடங்கி செப்டம்பரில் அந்த வரைகோட்டை அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். பாசனத்துக்கு மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அந்த வருடம் எப்போது திறந்தார்கள் என்று பிள்ளைகளே செய்தியைத் தேடட்டும்.

ஒரு பொறி: 120 அடி என்பது 124 அடியைவிடக் குறைவு, ஆகவே மேட்டூர் சின்ன அணை என்று பிள்ளைகள் நினைப்பார்கள். மேட்டூர் 93.47 டி.எம்.சி. பிடிக்கும், கே.ஆர்.எஸ். 49.45 தான். ஒரு தம்ளரும் ஒரு அகலமான தாம்பாளமும் எடுத்து, இரண்டிலும் ஒரே உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் காட்டிவிடுங்கள்.

10. பிள்ளைகளே செய்யும் வரைபடம்

யூமேப் என்ற இலவசத் தளத்தில் கணக்கு இல்லாமலே வரைபடம் உருவாக்கலாம். எல்லாரும் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடியில் இருக்கும். அதன் மேல் நம் புள்ளிகள். ரேஷன் கடை, அங்கன்வாடி, பொதுக் குழாய், குப்பை கொட்டும் மூலை, பஸ் நிறுத்தம் என்று பிள்ளைகள் தெருவில் நடந்து காகிதத்தில் குறித்து வர வேண்டும், நீங்கள் ஏற்றுங்கள். நடைக்கு ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர், காலையில் மட்டும். தொடங்கும்போது தளம் தரும் திருத்தும் இணைப்பை உடனே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கணக்கு இல்லாமல் செய்தால் அது தொலைந்தால் வரைபடத்தைத் திருத்த வழியில்லை.

எந்தப் பிள்ளையின் வீட்டையும் புள்ளி வைக்காதீர்கள். ‘என் வீடு’ என்று குறிக்க ஆசைப்படுவார்கள். பக்கத்துச் சந்திப்பையோ பஸ் நிறுத்தத்தையோ குறிக்கச் சொல்லுங்கள். இடப்பெயர்களைத் தமிழ், கன்னடம், பாடப்புத்தக மொழி மூன்றிலும் எழுதுங்கள். பரீட்சை எழுதப்போகும் மொழியிலும் பிள்ளைக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

11. என்ன கற்றார்கள் என்று பார்ப்பது

பருவம் முடிவில் திரை, போன், அட்டை எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாள் கொடுங்கள். ‘உன் தெருவில் விழுந்த மழைத்துளி கடல் சேரும் வழியை வரை. வழியில் யார் யார் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுது.’ நாற்பது நிமிடம். விளையாட்டில் வாங்கிய மதிப்பெண்ணை இதோடு சேர்க்காதீர்கள். அட்டை ஆட்டத்தில் முதலில் வந்த பிள்ளை இங்கே திணறுவதும், அங்கே வாயே திறக்காத பிள்ளை கெலவரப்பள்ளி வரை அழகாக வரைவதும் நடக்கும். அடுத்த பருவத்தில் யாரை எந்தக் குழுவில் போடுவது என்பதற்கு இந்தத் தாள் தான் ஆதாரம்.

தாள்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அசலைப் பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள். ஏப்ரலில் வகுப்பு முடிந்ததும் ப்ளிக்கர்ஸ் வகுப்புப் பட்டியலை அழியுங்கள். எண்ணுக்கு எதிரே பெயர் எழுதிய பக்கத்தையும் நோட்டிலிருந்து கிழித்துவிடுங்கள். சம்மதப் படிவங்களை மட்டும் கோப்பில் வையுங்கள். அடுத்த ஆண்டு அதே பிள்ளை வந்தாலும் புதிதாகக் கையெழுத்து வாங்குங்கள்.